கேஸ்காரரிடம் மீதி கேட்கத் தெரியாத பேச்சாளர்கள்

ஓர் அம்மா கேட்டது:

"என் பையன் ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதமாக மேடைப்பேச்சு, தலைமைப் பண்பு என்று வகுப்புக்கு அனுப்புகிறேன். 'இளம் தலைவர்' என்று தங்க எழுத்தில் சான்றிதழும் வந்துவிட்டது. 'சமூக மாற்றம் நம் கையில்' என்ற தலைப்பில் மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறான். போன வாரம் கேஸ்காரர் மீதி நாற்பது ரூபாய் தராமல் படியிறங்கிப் போனார். 'போய்க் கேளுடா' என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கட்டின பணம் தண்டமா?"

2 ஜூலை 2023, இரவு

தண்டம் என்று சொல்ல மாட்டேன். முட்டி நடுங்காமல் மூன்று நிமிடம் நிற்கப் பழகியிருக்கிறான், அதுவே கொஞ்சமில்லை. ஆனால் மேடையில் பேசும்போது எதிரில் இருப்பவர் பதில் பேசமாட்டார். கேஸ்காரர் பேசுவார். "சில்லறை இல்லை தம்பி, அடுத்த சிலிண்டருக்குப் பாத்துக்கலாம்" என்பார். அதற்கு என்ன சொல்வது என்று வகுப்பில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிற பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் வருவார்கள். கொரோனாவில் நின்றது போக ஆறு வருடமாக நடக்கிறது. ஆரம்பித்தது பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்யத்தான். தமிழ் வளர்ச்சித் துறை காந்தி, நேரு, பெரியார், அம்பேத்கர், அண்ணா, கலைஞர் பிறந்தநாட்களை ஒட்டி மாவட்ட அளவில் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. பூப்பறிக்கப் போகிற அம்மாவுக்கு ஐயாயிரம் என்பது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் நான் உரை எழுதிக் கொடுத்தேன். "நடுவர் பெருமக்களே, என்னைப் போன்ற சக போட்டியாளர்களே" என்று தொடங்கும் உரைகள். எத்தனை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டுதான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. மீதியை நாளைக்கு.

3 ஜூலை

எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதில் என்ன தப்பு என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். தப்பே இல்லை. பாட்டுக் கற்கிற பிள்ளை முதலில் அடுத்தவர் பாட்டைத்தானே பாடும்.

என் கதையைச் சொல்கிறேன். 1984, நான் ஏழாவது. தலைப்பு பெண் கல்வி. தமிழய்யா ரூல் போட்ட தாளில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் அம்புக்குறி வேறு. அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டவர்களையெல்லாம் விளாசித் தள்ளினேன். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர், என் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தார்கள்.

அந்த வருடம்தான் என் அக்காவை ஒன்பதாவதோடு நிறுத்தினார் அப்பா. நான் டம்ளரோடு வாசலில் நுழையும்போது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துகொண்டு கேட்காமல் இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மேடையில் பேசியது வேறு யாரோ வீட்டுப் பெண்களைப் பற்றி என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

இன்றைக்கும் அந்த டம்ளரில்தான் காப்பி குடிக்கிறேன்.

8 ஜூலை, சனி

இந்த அம்மாவின் கேள்வியை இன்று வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஒரு பாட்டம் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன், "நானும் கேக்கமாட்டேன் மிஸ்" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, இந்த வாரம் உரை கிடையாது என்றேன். அடுத்த சனிக்கிழமைக்குள் ஆளுக்கொரு பெரியவரிடம் நியாயமான ஒன்றைக் கேட்டு வாங்கி வர வேண்டும். காசு கேட்கக்கூடாது. வீட்டு ஆளாக இருக்கக்கூடாது. அழக்கூடாது.

15 ஜூலை

இருபத்தொரு பேரில் கேட்டவர்கள் ஒன்பது. கிடைத்தது ஐந்து பேருக்கு.

கிடைத்ததில் எனக்குப் பிடித்தது, கடையில் தராசின் எண் தெரிகிற பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்ன எட்டாம் வகுப்புப் பெண். "எடை தெரியிற மாதிரி வைங்கண்ணே." அவ்வளவுதான் சொன்னாளாம். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்திருக்கிறார். வரிசையில் பின்னால் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்களாம். கிடைக்காததில் சுவாரசியம், முடிவெட்டும் அண்ணனிடம் "அப்பா சொன்ன மாதிரி வேண்டாம், நான் சொல்ற மாதிரி வெட்டுங்க" என்று கேட்டவன். அப்பா சொன்ன மாதிரிதான் வெட்டியிருந்தது.

கேட்காத பன்னிரண்டு பேரும் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றே. "எல்லாரும் என்னையே பாப்பாங்க."

22 ஜூலை

எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியானது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது. பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிற பனியன். அதோடு மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று பனியன்காரர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

எங்களுக்குப் பனியனுக்கு எங்கே போவது? ஒரு பெண்ணுக்கு ஒரு சடையில் பச்சை ரிப்பன், மறு சடையில் நீல ரிப்பன் கட்டி நூலகத்துக்குள் நடக்கவிட்டேன். புத்தகம் எடுத்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், வெளியே போனாள். பதினைந்து பேர் பார்த்திருப்பார்கள் என்று சத்தியம் செய்தாள். பார்த்தது நாலு பேர். அதில் ஒருவன் அவளுடைய தம்பி, அவனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று பெரிய சண்டை.

நூறு அறிவுரையைவிட இந்த ரிப்பன் வேலை செய்தது. விடலைப் பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்றால் எனக்குப் பயமில்லை என்று வீம்புக்குச் சொல்வார்கள். நாலு பேர்தான் பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டினால் யோசிப்பார்கள்.

29 ஜூலை

இன்று புதிதாக ஒன்று முயன்றேன். மார்ஷல் கான்ஸ் என்று அமெரிக்கர் ஒருவர். 1964-இல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பிக்குப் போனவர். பிறகு சீசர் சாவேசின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பதினாறு வருடம். விட்ட பட்டத்தை முடிக்க இருபத்தெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, அங்கேயே ஆசிரியரானார். மக்களைத் திரட்டுகிற பேச்சுக்கு அவர் சொல்லித் தருவது மூன்று படி: முதலில் என் கதை, அடுத்தது நம் கதை, கடைசியாக இப்போது என்ன செய்யப் போகிறோம் என்பது.

பிள்ளைகளை 'என் கதை' சொல்லச் சொன்னேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் எழுந்தான். இதுவரை நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாதவன். அப்பாவின் குடியைப் பற்றிப் பேசினான். வகுப்பே அசையவில்லை. முடிந்ததும் கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடத்தில் இதுதான் சிறந்த வகுப்பு என்று இதை எழுதுகிறேன்.

30 ஜூலை, பின்னிரவு

மேலே எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

இன்று காலையில் அந்தப் பையனின் அம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டே கேட்டார்: "எங்க வீட்டு மானத்த வாங்கத்தான் புஸ்தகம் குடுக்குறீங்களா மிஸ்?" இருபது பிள்ளைகள் கேட்டால் இருபது வீட்டுக்கும் போய்விடும் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பையனை அப்பா அடித்தாரா என்று கேட்டேன். இல்லை, பேசுவதை நிறுத்திவிட்டார் என்றார்.

கான்ஸைக் குறை சொல்ல முடியாது. ஒரு நெருக்கடியில் நீ எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன் என்பதுதான் அவர் கேட்கிற கதை. நான் அதைச் சோகக் கதை சொல்லும் போட்டியாக்கிவிட்டேன். அந்தக் கைதட்டலைக் கேட்டு அடுத்த வாரம் இன்னும் நாலு பிள்ளைகள் தங்கள் காயத்தைத் தோண்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

இனி வகுப்பில் ஒரே கட்டுப்பாடு. சொல்கிற கதை சொல்கிறவருடையதாக இருக்க வேண்டும். அம்மாவுடையதோ அப்பாவுடையதோ என்றால் அவர்களைக் கேட்காமல் சொல்லக்கூடாது. யாருக்காவது வீட்டில் உண்மையிலேயே ஆபத்து என்றால் அதற்கு மேடை எதற்கு? தனியாக என்னிடம் வரலாம், இல்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அந்த எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.

5 ஆகஸ்ட்

பையன் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

குறளில் ஒரு விஷயத்தை இத்தனை வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தின 72 என்ன? அவையறிதல். முதலில் எதிரில் இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், என்ன பிடிக்காது என்று தெரிந்துகொள், அஞ்சாமல் நிற்பதை அதற்கப்புறம் பார்க்கலாம் என்கிற வரிசை. நாங்கள் எல்லாரும் 73-இலிருந்து தொடங்கி, 72-ஐத் திரும்பியே பார்ப்பதில்லை.

பிள்ளைகளிடம் "ஊரில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டேன். ஊழல், பிளாஸ்டிக், சாதி என்று பெரிய பெரிய சொற்களாக வந்தன. "நேற்று ராத்திரி எது தொந்தரவாக இருந்தது?" என்று கேட்டதும் மேற்குத் தெருப் பெண், பத்தாவது, "பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்க தெரு வரைக்கும் லைட் எரியலை" என்றாள். தெருவிளக்கு ஊராட்சியின் வேலை. கிராம சபை 15-ஆம் தேதி வருகிறது. பிடித்துக்கொண்டோம்.

12 ஆகஸ்ட்

ஐந்து நாள் ராத்திரி கம்பம் எண்ணினார்கள். இரண்டு நாள் நானும் போனேன். ஒவ்வொரு மின்கம்பத்திலும் பெயிண்டில் எண் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை.

மேற்குத் தெருப் பெண் எழுதி வந்த முதல் உரை: "இருளில் மூழ்கிக் கிடக்கிறது எம் தெரு! இரவுகள் நீளும்போது இதயங்கள் நடுங்குகின்றன! விடியல் என்று வரும்?" எங்கேயோ கேட்ட குரல் என்று பார்த்தால், போன வருடம் நான் எழுதிக் கொடுத்த உரையின் வாடை. நம் ஊரில் மைக்கைப் பிடித்தால் அடுக்குமொழி தானாக வரும். அண்ணாவும் கலைஞரும் பேசிக் கேட்டுப் பழகிய காது. பெரியார் அந்தப் பக்கமே போகாமல் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல மணிக்கணக்கில் பேசினார் என்பதைப் பேச்சுப்போட்டிக்காரர்கள் மறந்துவிட்டோம். பெரியார் பிறந்தநாள் போட்டியிலும் அடுக்குமொழியில்தான் பேசுகிறோம்.

கேட்டுக் கேட்டு வெட்டினோம். கடைசியில் நின்றது இது:

"வணக்கம். நான் மேற்குத் தெரு, பத்தாவது படிக்கிறேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்க தெருவுக்கு எட்டுக் கம்பம், 14-லிருந்து 21. ஆகஸ்ட் 6 முதல் 10 வரை ராத்திரி ஏழரைக்குப் பார்த்தோம். அஞ்சு கம்பத்தில் லைட் எரியலை: 15, 16, 17, 19, 20. டியூஷன் முடிஞ்சு பதினோரு பேர் அந்த வழியாத்தான் வர்றோம். செப்டம்பர் 15-க்குள்ள மாத்தித் தருவீங்களா? யார் பொறுப்புன்னு தீர்மான நோட்டில் எழுதணும்."

நாற்பது விநாடி. "இவ்ளோதானா மிஸ்?" என்று ஏமாற்றமாகக் கேட்டாள். இவ்வளவுதான். மற்றவர்களில் ஒருவன் தலைவராக, ஒருவன் செயலராக, மூன்று பேர் குறுக்கே பேசுகிறவர்களாக நடித்துப் பார்த்தோம். குறுக்கே பேசுவதற்குத்தான் கடும் போட்டி.

15 ஆகஸ்ட், இரவு

என்ன நடந்தது என்று ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

பள்ளி மைதானத்தில் சாமியானா. பதினொரு மணிக்கு என்று போட்டுப் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. கூட்டப் பொருளைச் செயலர் படித்தே அரை மணி நேரம். மைக் கீ... என்று கத்தும், யாரோ போய்த் தட்டுவார், நிற்கும், மறுபடி கத்தும். நூறு நாள் வேலைப் பெண்கள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் பேசலாம் என்றதும் அவள் எழுந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "பாப்பாவுக்கு ஓட்டு இருக்கா?" கூட்டம் சிரித்தது. தலைவர் நல்ல மாதிரி. "பேசட்டும்யா" என்று மைக்கைக் கொடுக்கச் சொன்னார்.

கம்ப எண் வரைக்கும் சரியாக வந்துவிட்டாள். அப்போது டேங்க் ஆபரேட்டர் எழுந்தார். எங்கள் ஊரில் தண்ணீர் விடுவதும் தெருவிளக்குச் சுவிட்ச் போடுவதும் அவர்தான். "19-ம் 20-ம் லைட்டு நல்லாத்தான் இருக்கு பாப்பா. அந்த லைனுக்குச் சுவிட்ச் தனி. நான் எட்டு மணிக்குத்தான் அங்க வருவேன். நீங்க ஏழரைக்குப் பாத்திருக்கீங்க."

மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை பலமாக. எட்டு மணிக்கு அப்புறம் ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு தன் தாளில் பேனாவால் எதையோ அடித்தாள். மைக்கில் அந்தக் கீறல் சத்தம்கூடக் கேட்டது.

"அப்ப மூணு கம்பம்ணே. 15, 16, 17. மத்த ரெண்டுக்கு ஏழு மணிக்கே சுவிட்ச் போட்டுடுங்க."

இதை நாங்கள் ஒத்திகையில் பார்க்கவே இல்லை. "பாத்து செய்வோம்மா" என்றார் தலைவர். நோட்டில் எழுதவில்லை. அடுத்த ஆள் சாக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவள் கடைசி வரை என்னோடு பேசவில்லை.

16 ஆகஸ்ட்

ஓட்டு இருக்கா என்று கேட்டவர் கிண்டலுக்குக் கேட்டாலும் சட்டப்படிதான் கேட்டார். அரசியலமைப்பின் 243-ஆவது பிரிவில், ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் சேர்ந்ததுதான் கிராம சபை. பதினைந்து வயதுப் பெண் அதில் உறுப்பினர் இல்லை. வந்து உட்காரலாம், தலைவர் விட்டால் பேசலாம், தீர்மானத்தில் அவளுக்குப் பங்கில்லை. 72-ஆம் அதிகாரத்தைப் பத்து நாள் முன்னால் அவ்வளவு பெருமையாக எழுதிய நான் இதை அவளிடம் சொல்லி அனுப்பவில்லை.

பிள்ளைகளை அரசியலுக்குள் இழுக்காதீர்கள் என்று எழுதியிருப்பவருக்கு: தெருவிளக்கு ஐயா.

19 ஆகஸ்ட்

அவள் வரவில்லை. மற்றவர்கள் வந்து டேங்க் ஆபரேட்டரைப் போல நடித்துச் சிரித்தார்கள். அதட்டினேன். பிறகுதான் பார்த்தேன், நடித்தவன் அவருடைய சைக்கிள் மணியை, சாவிக்கொத்தை, முதலில் எந்தத் தெரு, அடுத்தது எந்தத் தெரு என்பதையெல்லாம் சரியாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். ஒரு மாலையில் அவர் எத்தனை சுவிட்ச் போடுகிறார் என்று கேட்டேன். "ஆறு இடம் மிஸ். தண்ணி தொறந்துட்டு வரணும்ல, அதான் மேற்குத் தெரு கடைசி." கம்பம் எண்ணின ஐந்து நாளில் நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் 15-ஆம் தேதி அவர் எங்கள் பக்கம் எழுந்து நின்றிருப்பார்.

26 ஆகஸ்ட்

ஐ.நா.வில் பேசிய பிள்ளைகளின் வீடியோவைக் காட்டுங்கள், உற்சாகம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். காட்டினேன். 1992-இல் ரியோ மாநாட்டில் பேசிய கனடாச் சிறுமி செவர்ன் சுசுகி, அப்போது வயது பன்னிரண்டு. அப்புறம் 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசிய நம் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர்.

பேச்சைவிட அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் அதிகம் சொன்னேன். சுசுகியும் தோழிகளும் அதற்குச் சில வருடம் முன்பே சின்னக் குழுவாகச் சேர்ந்தவர்கள், ரியோவுக்குப் போகிற செலவைத் தாங்களே திரட்டினார்கள். வினிஷா தெருவில் இஸ்திரி போடுகிறவர் கரியை எரிப்பதைப் பார்த்துச் சூரியசக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்தார், அதற்கப்புறம்தான் மேடை. நன்றாகக் கேட்டார்கள். கடைசியில் பின் வரிசைப் பையன் (அப்பாவைப் பற்றிப் பேசியவன்தான், ஒரு மாதம் கழித்து வாய் திறந்தான்) கேட்டான்: "பேசினதுக்கப்புறம் அங்க இருந்த பெரியவங்க என்ன செஞ்சாங்க?"

என்னிடம் தயாராகப் பதில் இல்லை. முழித்தேன்.

2 செப்டம்பர்

வந்துவிட்டாள்! கோபம் என் மேல்தானாம், ஊர் மேல் இல்லை. "உங்களுக்கு ஓட்டு விஷயம் தெரியாதா மிஸ்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். "பரவால்ல" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

அவளிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அவளுடைய அப்பத்தாவுக்கு ஓட்டு இருக்கிறது. அக்டோபர் 2-ஆம் தேதி அப்பத்தா பேசும். இவள் சொல்லிக் கொடுப்பாள். டேங்க் ஆபரேட்டரிடம் போய் 19, 20 விஷயத்தைப் பேசியும் முடித்துவிட்டாள். அவர் இப்போது தண்ணீர் திறப்பதற்கு முன்னாலேயே மேற்குத் தெருச் சுவிட்சைப் போட்டுவிடுகிறாராம். "நேர்ல கேட்டேன், சரின்னுட்டாரு" என்று தோளைக் குலுக்கினாள்.

17 செப்டம்பர்

ஜூலை 3-ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். அக்காவின் மகள் இதையெல்லாம் போனில் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டி, அப்பா எங்கடி நிறுத்தினாரு? கணக்கு வாத்தியார் முட்டி போட வச்சாருன்னு நான்தான் போகமாட்டேன்னேன். ஒரு வாரம் சோறு திங்காம கெடந்தேன். அப்பா ரெண்டு தடவை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. உனக்கு எங்க தெரியும், நீதான் பேச்சு மனப்பாடம் பண்ணிட்டுத் திரிஞ்சியே."

முப்பத்தொன்பது வருடமாக அப்பாவைக் குற்றவாளியாக வைத்து எத்தனை வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! அப்பாவிடம் கேட்கவில்லை என்றுதான் எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. அக்காவிடமும் கேட்டதில்லை என்பது உறைக்கவே இல்லை. மேலே எழுதியதை மாற்றவில்லை, இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடமும் சொல்லியாக வேண்டும், இதே கதையை அழுது அழுது சொன்ன வாய்.

2 அக்டோபர், இரவு

அப்பத்தா பேசினார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெயரைச் சொன்னார். மேற்குத் தெரு என்றார். அப்புறம் முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டு எட்டு மாதம் ஆச்சு, யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று நிமிடம். பின்னால் உட்கார்ந்திருந்த பேத்தி முந்தானையைப் பிடித்து இழுத்து, "அப்பத்தா, கம்பம்! கம்பம்!" என்று கிசுகிசுத்தது மைக்கிலேயே கேட்டது. கூட்டம் சிரித்தது. அப்பத்தாவும் சிரித்தார்.

"ஆமா, கம்பம். எம் பேத்தி இருட்டுல வர்றா. பதினஞ்சு, பதினாறு, பதினேழு. என்னைக்குப் போடுவ?"

தலைவர், இந்த மாசத்துக்குள்ள போட்டுடலாம் ஆத்தா என்றார்.

"எழுது."

செயலர் தலைவரைப் பார்த்தார். டேங்க் ஆபரேட்டர் தன் இடத்திலிருந்து, "எழுதுங்க சார், மூணும் பீஸ் போயிருச்சு, நானே பாத்தேன்" என்றார். எழுதினார்கள். கையெழுத்து வாங்க நோட்டைக் கொண்டுவந்தபோது ஒருவர் மை டப்பாவையும் சேர்த்து நீட்டினார். அப்பத்தா டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தாம். ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக. நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கை வலித்து மாற்றிக்கொண்டார்.

முதியோர் பணத்துக்கு மனு கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதுவது பேத்தியின் வேலை.

3 அக்டோபர்

"கடைசியில் பாட்டிதான் பேசினார், உங்கள் மாணவி பேசவில்லையே, அப்புறம் என்ன தலைமைப் பண்பு?" என்று ஒருவர். வகுப்பிலும் இதே கேள்வி வந்தது. அந்தப் பெண்ணே பதில் சொல்லிவிட்டாள்: "யாரு பேசினா என்ன, நோட்டுல ஏறிச்சுல்ல."

எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. பதினெட்டு வயதுக்கு அப்புறம் இவள் பெயரில் அந்த நோட்டில் ஒரு வரி ஏற வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

14 அக்டோபர்

முதல் கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். மறுபடி சிலிண்டர் வந்தபோது பையனே கதவைத் திறந்தானாம். "அண்ணே, போன தடவை நாப்பது, இந்தத் தடவை முப்பது" என்று கேட்டிருக்கிறான். கேஸ்காரர் தேடித் தேடி ஐம்பது கொடுத்து, மீதி இருபது அப்புறம் என்று போய்விட்டார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது ரூபாயை விட்டுவிடச் சொல்லவா, திரும்பக் கேட்கச் சொல்லவா என்று அம்மா கேட்கிறார்.

கேட்கச் சொல்லுங்கள். பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெயிலில் மூன்று மாடி தூக்கி வருகிறவர்.

5 நவம்பர்

15-ஆம், 16-ஆம் கம்பத்தில் அக்டோபர் 20-ஆம் தேதியே விளக்குப் போட்டுவிட்டார்கள். 17-க்கு மட்டும் பத்து நாள் இழுத்தார்கள். அதுவும் வந்துவிட்டது.

வந்ததிலிருந்து 17 அணையவே இல்லை. உச்சி வெயிலிலும் எரிகிறது. நேற்று வகுப்பில் இதை யாரிடம் சொல்வது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். டேங்க் ஆபரேட்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும் என்கிறான் பின் வரிசைப் பையன். எழுத்தில் கொடுக்க வேண்டும், நகல் வாங்க வேண்டும் என்கிறாள் மேற்குத் தெருப் பெண். அப்பத்தாவிடம் கேட்டார்களாம். "எரியட்டும் விடுங்கடி, எத்தன நாள் எரியாம கெடந்துச்சு" என்றாராம்.